பூ இல்லாமல் இறங்கிய மாடுகள்

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க ஆஃப்ரா கொட்டகையில் தனியாக உட்கார்ந்து மாலை கட்டினாள். ஊசியிலைக் கிளையை வளைத்துக் கம்பியால் இறுக்கி, நடுநடுவே சிவப்புக் காகித ரோஜாவைச் சொருகி, ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினாள். மந்தைக்கு முன்னே நடக்கிற தலைப்பசுவுக்கு மட்டும் உயரமான கிரீடம், அதன் நெற்றியில் வட்டக் கண்ணாடி. மற்ற வருடங்களில் இந்த வேலைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யாருடைய பையன் யாரோடு சுற்றுகிறான் என்று பேச்சு கூரையைத் தூக்கும். இந்த வருடம் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வீட்டில் இந்த வருடம் மாலை கட்டுவார்களா மாட்டார்களா என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை.

கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகள் செப்டம்பரில் இறங்குகிறபோது, அந்தக் கோடை நல்லபடியாகக் கழிந்த வீட்டு மாடுகளுக்குத்தான் பூவும் பெரிய மணியும். வீட்டில் சாவு விழுந்திருந்தால் மாடுகள் வெறும் தலையோடு, மணிச் சத்தம் இல்லாமல் இறங்கும். மேலே ஒரு மாடு செத்திருந்தாலும் அப்படித்தான். வீதியோரம் நிற்கிறவன் மாட்டின் தலையைப் பார்த்தே வீட்டுச் சேதியைத் தெரிந்துகொள்வான். பீர் வாங்கிக் கொடுப்பதா, கையைப் பிடித்துத் துக்கம் விசாரிப்பதா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

ஆஃப்ராவின் மகன் ரோமெட் காணாமல் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. செத்தான் என்று சொல்ல உடல் கிடைக்கவில்லை. இருக்கிறான் என்று சொல்ல அவளைத் தவிர ஆள் இல்லை.

இத்தாலி எல்லையை ஒட்டிய எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிற சுற்றுலா விருந்தாளிகள் மூன்று வகை. நூறு வருடத்துக்கு முந்தைய போரில் சிப்பாய்கள் பாறையைக் குடைந்து பதுங்கிய சுரங்கங்களைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. காட்டையும் பூவையும் மர்மோட் அணிலையும் பார்த்து மூச்சு வாங்க வருகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை, ஊரில் மாடிப்படி ஏறவே லிஃப்ட் கேட்டுவிட்டு இங்கே வந்து செங்குத்துப் பாறையில் தொங்க ஆசைப்படுகிறவர்கள். வழிகாட்டியான ரோமெட் இந்த மூன்று வகையினரையும் ஒரே நாளில் திருப்திப்படுத்துவான். கோஃபல் மலையில் பாறையோடு அடித்த இரும்புக் கயிற்றைப் பிடித்து ஏற்றிவிட்டு, சுரங்கத்துக்குள் அழைத்துப்போய்க் கதை சொல்லி, மறுபக்கம் பூக்காட்டில் இறக்கிவிடுவான். ஆகஸ்டில் ஓர் இரவு பேய்மழையும் இடியும். மறுநாள் மத்தியானம் ஒரு கூட்டம் ஏறுவதாக இருந்தது. விருந்தாளி கை வைக்கும் முன் கயிற்றின் ஆணிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று விடியற்காலையில் தனியாகப் போனான். அவன் வண்டி அடிவாரத்தில் நின்றது. பாறை புதிதாகச் சரிந்த தடம் ஒன்று மேலே தெரிந்தது. அவ்வளவுதான்.

மீட்புப் படை நாய்களோடு தேடியது, ஹெலிகாப்டரில் தேடியது, கடைசியில் உச்சியில் பனி விழுந்ததும் கைவிட்டது. அவள் புருஷன் காசியன் கைவிடவில்லை. மேய்ச்சல் குடிசையிலேயே தங்கி, மாடு பார்க்கிற வேலையை இக்னாஸ் என்கிற கூலியாளிடம் விட்டுவிட்டு, விடிந்தால் கோஃபலுக்குப் போய்விடுவான். ஆஃப்ரா கீழே இருந்துகொண்டு தன் வழியில் தேடினாள். முதலில், அவன் சுரங்கத்துக்குள் காலொடிந்து கிடக்கிறான், உள்ளே தண்ணீர் சொட்டும், பையில் உப்பிட்ட இறைச்சி இருக்கிறது என்று கணக்குப் போட்டாள். இறைச்சி தீர்ந்திருக்கும் என்று ஆனபோது கணக்கை மாற்றினாள். தலையில் அடிபட்டு, பேர் மறந்து, எல்லை தாண்டி இத்தாலிக்குள் இறங்கி, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டாள். திரும்பத் திரும்பப் போட்டாள். நர்சுகள் இப்போது அவள் குரலைக் கேட்டதும், அவள் கேட்பதற்கு முன்பே, இல்லை அம்மா என்று சொல்லிவிடுவார்கள். பங்குச் சாமியார் ஆன்ம சாந்திப் பூசை வைக்கலாமா என்று கேட்டபோது அவள் அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியே பேசினாள். அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மகன் செத்திருப்பான் என்று ஊரில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் அதை முதலில் சொல்கிற வாய் தன் வாயாக இருக்கக் கூடாது. தான் நம்புவதை நிறுத்துகிற அந்த நிமிடத்தில்தான் அவன் சாவான் என்று அவளுக்குப் பட்டது.

சாயங்காலம் ஆல்பின் வந்தான். விருந்தாளிகள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவன், மாடு இறங்கும் திருவிழாவை நடத்துகிறவன். கெட்டவன் இல்லை. கொட்டகை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"உக்காரலாமா ஆஃப்ரா?"

"உக்காரு. கம்பி கெடக்கும், பாத்து."

ஆணிகளில் தொங்கிய மாலைகளைப் பார்த்தான். "இதெல்லாம் நாளைக்கா?"

"பின்ன, அடுத்த வருஷத்துக்கா?"

"காசியன்கிட்ட கேட்டியா?"

"மேல போன் எடுக்காதுன்னு உனக்குத் தெரியாதா. இக்னாஸ் வண்டி எடுத்துட்டு வர்றான். குடுத்து விடுவேன். காசியன் வைப்பான்."

ஆல்பின் குரலைத் தாழ்த்தினான். "நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க மாடுங்களை லாரில ஏத்தி, திங்கக்கிழமை காதும் காதும் வச்ச மாதிரி எறக்கிடலாம். பூ வச்சீங்களா வைக்கலையான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"லாரில வர்றது காலொடிஞ்ச மாடு. என் மாடுங்க நடந்து வரும்."

"நடந்து வந்தா ரெண்டுல ஒண்ணு சொல்லியாகணுமே."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன்." கிரீடத்தைத் தூக்கிக் காட்டினாள். "கண்ணு தெரியலையா உனக்கு?"

"பூவோட வந்தா சனங்க தப்பா பேச மாட்டாங்க ஆஃப்ரா. பரிதாபப்படுவாங்க. அது அதைவிடக் கொடுமை. உன்னால தாங்க முடியாது."

அவள் கம்பியைக் கீழே வைத்தாள். "உன் மவன் இப்போ எங்க இருக்கான்?"

"வீட்லதான். சாப்பிட்டுட்டு இருப்பான்."

"போய் அவன்கூட உக்காந்து சாப்பிடு."

ஆல்பின் எழுந்து போனான். அவன் தலை மறைந்ததும் அவள் கம்பியை எடுத்து மறுபடி இறுக்கினாள். கம்பி விரலைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை. இருட்டுகிற நேரத்தில் இக்னாஸ் வந்து மாலைகளை வண்டியில் அடுக்கினான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள் அவன்.

"எல்லா மாட்டுக்கும் வைக்கணும்னு சொல்லு. இந்த வருஷம் புதுசா மேல போன கெடேரிக் கன்னுக்குக்கூட. ஒண்ணு விடக் கூடாது."

"சரி."

"காசியன் எப்படி இருக்கான்?"

இக்னாஸ் யோசித்தான். "தொண்டை போயிடுச்சு. பேரைக் கத்திக் கத்தி."

காலையில் ஆஃப்ரா தன் விடுதியில் விருந்தாளிகளுக்கு ரொட்டியும் காப்பியும் வைத்தாள். பிரேமன் நகரத்திலிருந்து வந்திருந்த லூடெர்ஸ் அம்மாள் முதல்நாள் இரவுதான் வந்து இறங்கியிருந்தாள். மலைக்குப் போகிற பூட்ஸோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த இரும்புக் கயித்துப் பாதையை மூடிட்டாங்களாமே? போன வருஷம் ஒரு பையன் எங்களைக் கூட்டிட்டுப் போனான். சுரங்கத்துக்குள்ள விளக்கை அணைச்சிட்டு, சிப்பாய் இருட்டுல எப்படி இருந்திருப்பான் பாருங்கன்னு சொன்னான். என் வீட்டுக்காரர் பயந்தே போயிட்டார். அந்தப் பையன் இந்த வருஷம் வரலையா?"

"மேல இருக்கான்," என்றாள் ஆஃப்ரா. பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பத்து மணிக்கெல்லாம் வீதி நிறைந்துவிட்டது. கோயில் முன்னால் பேண்டு வாத்தியம். பெரிய சட்டிகளில் கிராப்ஃபன் பணியாரம் பொரிகிற வாசனை. புதுத் தோல் கால்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட விருந்தாளிகள் ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆஃப்ரா கோயில் திருப்பத்தில் போய் நின்றாள். காட்டுப்பாதை வீதியில் சேருகிற இடம் அது. பக்கத்து வீட்டு சென்ஸி வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டாள். அவள் ஒன்றும் பேசாதது ஆஃப்ராவுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அப்போதுதான் ஹெலிகாப்டர் போனது. கோயில் கோபுரத்துக்கு மேலே, தாழ்வாக, கோஃபல் பக்கம். அடியில் நீளக் கயிறு தொங்கியது. விருந்தாளிகள் கை ஆட்டினார்கள். ஊர்க்காரர்கள் ஆட்டவில்லை. காயம் பட்டவனை எடுக்கத் தூக்குக்கட்டிலோடு டாக்டர் போவார். நீளக் கயிற்றோடு போவது சுமை தூக்குவதற்கு. உயிர் இல்லாததைத் தூக்குவதற்கு.

ஆஃப்ரா பார்வையைக் காட்டுப்பாதைக்குத் திருப்பினாள். "யாரோ குடிசைக்கு விறகு எடுத்துட்டுப் போறாங்க," என்றாள்.

"ஆமா," என்றாள் சென்ஸி. "விறகாத்தான் இருக்கும்." அவள் கை ஆஃப்ராவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

மந்தைகள் வர ஆரம்பித்தன. காட்டுக்குள்ளிருந்து முதலில் மணிச் சத்தம் வரும். பானை பானையாகப் பெரிய மணிகள், நிலமே அதிரும். அப்புறம்தான் மரங்களுக்கிடையே சிவப்பும் பச்சையும் அசையும். ஒரு வீட்டு மந்தை போனது, அடுத்தது வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு மந்தை கடக்கும்போதும் அடுத்தது தன்னுடையது என்று ஆஃப்ரா மூச்சை இழுத்துப் பிடித்தாள். மற்ற எல்லா வீட்டு மாடும் போய்விட்டது. வீதியில் சாணமும் உதிர்ந்த காகிதப்பூவும் கிடந்தன. பேண்டு வாத்தியக்காரர்கள் அடுத்த மணிச் சத்தத்துக்காகக் காத்து நின்றார்கள்.

மணிச் சத்தம் வரவில்லை. குளம்புச் சத்தம் வந்தது. கல்லில் குளம்பு உரசுகிற சத்தம் மட்டும், பக்கத்தில், இன்னும் பக்கத்தில். மரங்களை விலக்கிக்கொண்டு இக்னாஸ் வந்தான். கையில் தொப்பி. அவனுக்குப் பின்னால் தலைப்பசு, வெறும் நெற்றியோடு. அதற்குப் பின்னால் மற்றவை. ஒன்றின் தலையிலும் ஒரு இலை இல்லை.

எந்த வருடமும் தன் மாடு கண்ணில் பட்டால் ஆஃப்ரா முதலில் தலையை எண்ணுவாள். அது அவள் கைவேலை மாதிரி, யோசிக்காமலே நடக்கும். அன்று எண்ணவில்லை. இக்னாஸ் அவளைப் பார்த்தான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், நிற்காமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். மாடு இறங்கும்போது நின்று பேசுகிற வழக்கம் இல்லை; பேசுகிற வழக்கம் அவனுக்கு எப்போதுமே இல்லை.

விருந்தாளிகளில் சிலர் கைதட்டினார்கள். "இதுங்களுக்கு மட்டும் ஏன் பூ வைக்கல?" என்று லூடெர்ஸ் அம்மாள் யாரிடமோ கேட்பது ஆஃப்ராவின் காதில் விழுந்தது. "பாவம், அழகா இருந்திருக்கும்."

ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். கோபுரத்தில் நின்று மந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கோயில் பணியாள் சாவு மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். சின்ன மணி, மெல்லிய சத்தம், விட்டு விட்டு.

ஆஃப்ரா வீதியில் மண்டியிட்டாள். அவள் கத்தவில்லை. வாயிலிருந்து வந்தது அழுகைதான், ஆனால் அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது. ஆறு வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. கிடைத்துவிட்டான். இனி அவனுக்குக் குளிராது. இனி அவன் இருட்டில் யாரையும் கூப்பிட வேண்டாம். இனி அவள் போனை எடுக்க வேண்டாம், அந்த நர்சு இல்லை அம்மா என்று சொல்ல வேண்டாம். அழுகைக்கு அடியில், சொல்லவே கூசுகிறது, அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நெஞ்சு வலிக்காமல் மூச்சு உள்ளே போனது. சென்ஸி அவளைக் கட்டிக்கொண்டாள். சாமியார் வந்து தலையில் கை வைத்தார். இந்த முறை ஆஃப்ரா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் காசியன் காட்டுப்பாதையில் இறங்கி வந்தான். முழங்கை வரை சேறும் ரத்தமும். வீதியில் ஜனங்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். மணிச் சத்தத்தைக் கேட்டான்.

"யாருக்கு அடிக்குது?" என்றான். தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது. "கெழவர் மாத்திஸா? அவரு நல்லாத்தானே இருந்தாரு?"

கூட்டம் விலகி வழி விட்டது. வழியின் முடிவில் கோயில் படியில் ஆஃப்ரா உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கெடந்தான்?" என்று கேட்டாள்.

"யாரு?"

"ஹெலிகாப்டர்ல எடுத்தீங்களே."

காசியன் தன் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். "அது கெடேரி," என்றான். "புதுசா மேல போனது. பாலத்துக்கிட்ட கால் வழுக்கி ஓடைக்குள்ள விழுந்துடுச்சு. கழுத்து ஒடிஞ்சிருச்சு. ஓடைத்தண்ணி கெட்டுப்போகுமேன்னு மேட்டுக்கு ஏறிப்போய்ப் போன் பண்ணித் தூக்கச் சொன்னேன்."

"பூ?"

"நீ குடுத்து விட்டதை எல்லாம் வச்சிருந்தோம். எல்லாத்துக்கும் வச்சிருந்தோம். அது விழுந்ததும் கழட்டச் சொல்லிட்டேன். மாடு செத்தா வேற என்ன பண்றது? எங்க அப்பா..." அவன் நிறுத்தினான். தன்னைச் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். தான் கீழே என்ன சேதி அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பாலத்தில் நின்றபோது அவனுக்குச் செத்த மாடு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்து வந்த வழக்கத்தைக் கை தானாகச் செய்தது.

"ஹெலிகாப்டருக்குப் போன் பண்ணியே. எனக்கு ஒண்ணு பண்ணக் கூடாதா?"

"ஒரு கெடேரி செத்ததுக்கு உன்னை எதுக்குப் பதற வைக்கணும்னு விட்டுட்டேன். உனக்கு இருக்குற கவலை போதாதா." அவன் கோபுரத்தை நோக்கிக் கை காட்டினான். "மணியை நிறுத்தச் சொல்லுங்க. யாராவது போய் நிறுத்தச் சொல்லுங்க. அவன் கெடைக்கல. என் மவன் சாகல."

ஆல்பின்தான் முதலில் கோபுரப் பக்கம் நகர்ந்தான். ஊர் மொத்தமும் வெட்கப்பட்டு நின்றது. சாவே இல்லாத வீட்டுக்குச் சாவு மணி அடித்துவிட்டோமே என்று சாமியாரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஆல்பின், நில்லு," என்றாள் ஆஃப்ரா.

அவன் நின்றான்.

"அடிக்கட்டும்."

காசியன் அவள் முன்னால் குனிந்தான். "பைத்தியமா உனக்கு? நான் சொல்றது காதுல விழலையா? அது மாடு. நீ தப்பா நெனச்சிட்ட, அவ்வளவுதான். நான்தான் தப்புப் பண்ணேன். எல்லாத்தையும் மறந்துடு. நாளைக்கு மறுபடி போறேன்."

"என்னால முடியல காசியன்."

"எது முடியல?"

"மறுபடி ஆரம்பிக்க." அவள் மெதுவாகத்தான் பேசினாள், சுற்றி நின்றவர்களுக்கு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. "அவன் செத்துட்டான்னு அரை மணி நேரம் நம்பிட்டேன். அந்த அரை மணி நேரந்தான் நான் மூச்சு விட்டேன். இப்போ வந்து இல்லைங்கற. திரும்ப அவனை அந்தக் குளிர்ல உசிரோட வைக்கச் சொல்ற. எப்படி வைப்பேன்? பெத்தவதானே நான். எத்தனை தடவை சாகடிப்பேன் அவனை?"

காசியன் ரத்தம் காய்ந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த இடமெல்லாம் சேறானது. மேலே மணி விட்டு விட்டு அடித்தது. கூட்டத்தின் ஓரத்தில் லூடெர்ஸ் அம்மாளுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி நின்றாள்.

"அப்போ நாளைக்கு நான் யாரைத் தேடப் போறது?" என்றான் காசியன்.

"அவனைத்தான். போய்த் தேடு. கெடைக்கிற வரைக்கும் தேடு." ஆஃப்ரா அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஊசியிலையை எடுத்துக் கீழே போட்டாள். "ஆனா இனிமே பேரைச் சொல்லிக் கூப்பிடாத. குனிஞ்சு பாத்துத் தேடு."

அவன் படியில், அவள் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டான். மணியை நிறுத்த யாரும் போகவில்லை.